இது நடிப்பு என்று ஒரு வரி

அதிராம்பட்டினம்
4.8.2025

அன்புள்ள பூவிழிப் பாப்பாவுக்கு,

உன் கருவாட்டுக்கார மாமா கலந்தர் எழுதுகிறேன். போலீஸ் குடியிருப்புக்குத் தபால்காரர் கடிதம் கொண்டுவந்தால் அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்களோ தெரியாது. மொட்டைக் கடிதம் இல்லை என்று சொல்லிவிடு, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வெளிநாட்டில், தம்மாமில் வேலை பார்த்த காலமெல்லாம் உன் பாத்திமா மாமிக்குக் கடிதம் எழுதியே பழகிய கை இது, அதனால் எழுதுவதில் எனக்குச் சிரமமில்லை. சிரமம் போனில்தான். அதை அணைத்து பீரோவுக்குள் போட்டுவிட்டேன். திறந்தால் முகம் தெரியாத எவனாவது ஒருவன் என் உம்மாவைப் பற்றிப் பேசுகிறான். அவள் மவுத்தாகி எத்தனையோ வருஷம் ஆகிறது, அவளை எதற்கப்பா இழுக்கிறாய் என்று கேட்டால் அதற்கும் ஒரு வசவு வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு நீ வந்து கேட்டாய். பிள்ளை பிடிக்கிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்கும்படி எங்கள் போலீஸ் இணையப் பக்கத்தில் ஒரு விழிப்புணர்வுப் படம் போடப்போகிறோம், நீங்கள்தான் மாமா நடிக்க வேண்டும் என்றாய். ஊர் ஊராகப் போய்ப் பேசியே கருவாடு விற்ற வாய் எனக்கு. கேமரா என்றதும் பல்லை இளித்துக்கொண்டு வந்து நின்றேன். வேறு வண்டி ஏற்பாடு செய்கிறோம் என்று உங்கள் எஸ்.ஐ. சொன்னார். நான்தான் கேட்கவில்லை. என் மொபெட் வண்டி, பின்னால் கட்டிய என் கருவாட்டுப் பெட்டி, பெருநாளுக்கு எடுத்த என் சட்டை. ஏமாந்து வண்டியில் ஏறுகிற பிள்ளையும் என் பேத்தி ஹஃப்ஸா. சுற்றுவட்டாரமெல்லாம் தெரிந்த வண்டியில் வந்தால்தான் ஜனங்கள் பார்த்ததும், அட நம்ம பாய் என்று சிரிப்பார்கள் என்று கணக்குப் போட்டேன்.

நீ எடுத்த படத்தின் கடைசியில் நான் ஹஃப்ஸாவைத் தோளில் தூக்கிக்கொண்டு, “நான் உங்க கலந்தர் பாய்தான், இது நடிப்புங்க” என்று சிரிப்பேன். இன்ஸ்பெக்டர் ஐயா வந்து புத்திமதி சொல்வார். இப்போது எல்லார் போனிலும் ஓடுகிற படத்தில் அது இல்லை. பிள்ளை அழுகிறது, வண்டி போகிறது, அதோடு முடிந்துவிடுகிறது.

போன வாரம் ஒரு ஊரில் நான் ஹாரன் அடித்ததும் பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். நான் கொடுத்த நெத்திலியில் வளர்ந்த பிள்ளைகள் அவை.

எனக்கு வேறொன்றும் வேண்டாம் பாப்பா. உங்கள் பக்கத்தில் ஒரு வரி போடச் சொல். அந்த ஆள் கருவாடு விற்கிறவர், அது நடிப்பு என்று ஒரே ஒரு வரி. போலீஸ் சொன்னால் ஜனங்கள் நம்புவார்கள்.

மாமா
கலந்தர்


காவலர் குடியிருப்பு
11.8.2025

மாமாவுக்கு,

பூவிழி வணக்கத்துடன் எழுதுகிறேன். உங்கள் கடிதம் வந்தது. நானும் தபாலிலேயே எழுதுகிறேன். எங்கள் சோஷியல் மீடியா செல் என்கிற பிரிவில் இருக்கிறவர்களின் போனை அவ்வப்போது வாங்கிப் பார்க்கிறார்கள். நீங்கள் தவறாக நினைக்கக் கூடாது.

அந்தப் படத்தை வெளியாட்கள் யாரும் வெட்டவில்லை மாமா. எங்கள் செல்லில்தான் வெட்டினோம். முழுப்படத்தைப் போட்டபோது யாரும் பார்க்கவில்லை. புத்திமதி வரும் இடத்தில் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று கம்ப்யூட்டரில் தெரிந்தது. மேலிருந்து, ஜனங்களுக்குப் பயம் வருகிற இடத்தோடு நிறுத்துங்கள் என்றார்கள். நிறுத்தினோம். லட்சக்கணக்கில் பார்த்தார்கள். பக்கத்துக்கு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள் என்று எங்களுக்குக் கேக் வெட்டினார்கள். நானும் சாப்பிட்டேன்.

நீங்கள் கேட்ட வரியை நானே எழுதி எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரிடம் போனேன். அவர் கோபப்படவில்லை. உட்காரச் சொல்லிவிட்டு நிதானமாகத்தான் பேசினார்.

“இத நடிப்புன்னு போட்டா, நாளைக்கு நாம புடிச்ச திருடனையும் நடிப்பும்பாங்கம்மா. அந்தப் பக்கத்த நம்பித்தான் நம்ம பொழப்பே இருக்கு.”

சென்ற மாதம் பிடித்த ஒரு சங்கிலித் திருடனை, கேமராவுக்காக நாங்களே ஜீப்பிலிருந்து மறுபடியும் ஒருமுறை இறக்கி நடக்க வைத்தோம். அதுதான் என் நினைவுக்கு வந்தது.

நாலு நாளில் அடுத்த வீடியோ வந்தால் ஜனங்கள் இதை மறந்துவிடுவார்கள் என்றார் இன்ஸ்பெக்டர். அதுவரைக்கும் நீங்கள் வியாபாரத்துக்குப் போக வேண்டாம் மாமா. போயே ஆகவேண்டும் என்றால் தாடியை மட்டும் எடுத்துவிட்டுப் போங்கள். படத்தில் தாடிதான் பளிச்சென்று தெரிகிறது. உங்கள் நல்லதுக்காகச் சொல்கிறேன்.

மாமிக்கும் ஹஃப்ஸாவுக்கும் என் அன்பு.

பூவிழி


அதிராம்பட்டினம்
20.8.2025

பூவிழிக்கு,

உன் கடிதத்தைப் பாத்திமாவுக்குப் படித்துக் காட்டினேன். தாடி வந்த இடத்தை மட்டும் முழுங்கிவிட்டுப் படித்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துக் கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள். நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளிடம் போய் நடிக்க முடியுமா?

தப்புச் செய்தவன்தான் தாடியை எடுத்து, மீசையை எடுத்து, ஊரைவிட்டு ஓடுவான். நான் எதற்கு எடுக்க வேண்டும்? படத்தை வெட்டியது நீங்கள். நீங்கள் வெட்டியதற்கு நான் தாடியை வெட்ட வேண்டும் என்கிறாய். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்தத் தாடியைப் பிடித்து இழுத்திருக்கிறாய், அப்போது அது பயமாக இல்லை உனக்கு. கோபத்தில் எழுதுகிறேன், எழுதியதை அடிக்க மாட்டேன், அப்படியே படித்துக்கொள்.

நேற்று உங்கள் தெருவுக்குப் போனேன். உன் அம்மா என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். எப்போதும் ஒரு கைப்பிடி நெத்திலிக்கு ஒரு மணி நேரம் பேரம் பேசுகிற மனுஷி, நேற்று வாளையும் திருக்கையும் சென்னாக்குன்னியும் சொன்ன விலைக்கு வாங்கினார்கள். அத்தனையும் தின்ன அந்த வீட்டில் ஆள் ஏது? பரிதாபப்பட்டு வாங்கினார்கள் என்பது எனக்குத் தெரியாமலா இருக்கும். கதவைச் சாத்தியவர்கள்மேல் வந்த கோபத்தைவிட உன் அம்மா பேரம் பேசாததுதான் எனக்கு அதிகமாக வலித்தது. அவர்களிடம் இதைச் சொல்லாதே.

நாலு நாளில் மறப்பார்கள் என்று உன் ஐயா சொன்னாராம். இன்றோடு பத்து நாள் ஆகிறது. ரோட்டில் டீக்கடையில் ஒருத்தன் போனைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான், மறுபடியும் போனைப் பார்க்கிறான்.

வியாபாரத்துக்குப் போகாமல் இருக்க முடியாது. நான் ஒளிந்துகொண்டால் அந்தப் படத்தை நானே உண்மை என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். நாளைக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்களுக்குப் போகிறேன். குறுவை அறுப்பு நெருங்குகிறது, நல்ல வியாபாரம் இருக்கும். நீ அந்த ஒரு வரியைப் பார்.

கலந்தர்


காவலர் குடியிருப்பு
2.9.2025

மாமாவுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். நீங்கள் கண்ணை மூடியிருந்தீர்கள். தூங்குகிறீர்களா, என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லையா என்று தெரியாமலே திரும்பி வந்தேன்.

நான் தனியாக வரவில்லை என்பதை மாமி சொல்லியிருப்பார்கள். கேமராவோடுதான் அனுப்பினார்கள். மாமி என்னைத் திட்டியிருந்தால் தேவலை. கட்டுப் போட்ட உங்கள் கையைக் காட்டிவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்கள்.

“மொகத்த நல்லா எடுத்துக்கம்மா. அன்னைக்கி எடுத்தியே, அதே மாதிரி.”

நன்றாகத்தான் எடுத்தேன் மாமா. ஆனால் பக்கத்தில் போட்டதில் உங்கள் முகம் இருக்காது. பாதிக்கப்பட்டவரின் முகத்தைக் காட்டக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. அந்த முகத்தை மங்கலாக்கும் வேலையையும் என்னிடமே கொடுத்தார்கள். ‘வதந்தியால் தாக்கப்பட்ட முதியவரை உயிரோடு மீட்ட காவல்துறை’ என்று தலைப்பு வைத்தார்கள். வதந்தி எங்கிருந்து வந்தது என்று அதில் இல்லை. கீழே ஜனங்கள் கைகூப்புகிற படமாகப் போட்டுத் தள்ளியிருக்கிறார்கள். நம் போலீஸ் மட்டும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு நான் குளியலறைக்குப் போய் அழுதேன்.

பழைய துண்டுப்படத்தை எங்கள் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். சொல்லாமல் கொள்ளாமல் எடுத்தார்கள். வாட்ஸப்பில் போனது போனதுதான்.

தாடியை எடுக்கச் சொன்னதற்கு என்னை மன்னித்துவிடுங்கள்.

பூவிழி


அதிராம்பட்டினம்
17.9.2025

பூவிழிப் பாப்பாவுக்கு,

உடைந்தது இடது கை. வலது கை நன்றாக இருக்கிறது, அதனால்தான் உனக்குக் கடிதம் வருகிறது. அல்லாஹ் எதையும் யோசித்துத்தான் செய்கிறான்.

நான் அன்றைக்குத் தூங்கவில்லை. கண்ணைத் திறந்தால் உன்னைப் பார்த்து அழுதுவிடுவேன், அதையும் நீ படம் பிடிக்க வேண்டிவரும் என்றுதான் மூடிக்கொண்டேன்.

என்ன நடந்தது என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன். அந்த ஊர் எனக்குப் புது ஊர் இல்லை. வண்டியை மறித்த பையன்களை எனக்குத் தெரியாது, ஆனால் கத்தி அவர்களைக் கூப்பிட்ட பெண்ணை எனக்குத் தெரியும். அவள் பிரசவத்துக்குப் பால் சுரக்க வேண்டும் என்று அவள் மாமியார் கேட்டபோது பால்சுறாக் கருவாடு தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். “யம்மா அமிர்தம், நான்தாம்மா, என்னத் தெரியலயா” என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையில் இருந்த போனில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மின்கம்பத்தில் கட்டினார்கள். அடித்ததைப் பற்றி எழுதப் போவதில்லை.

உங்கள் ஜீப் வந்தது, கட்டை அவிழ்த்தது, எல்லாம் உண்மை. வராமல் போயிருந்தால் செத்திருப்பேன். அந்த நன்றி எனக்கு உண்டு.

ஆனால் ஒன்று சொல் பாப்பா. கெட்டவனாக நடித்தபோது என் முகம் அவ்வளவு தெளிவாக வந்தது, மச்சம்கூடத் தெரிந்தது. அடிவாங்கிக் கிடந்தபோது எதற்கு மறைத்தீர்கள்? அன்றைக்கு மறைத்து இன்றைக்குக் காட்டியிருந்தால் நான் இன்று வண்டி ஓட்டிக்கொண்டிருப்பேன். இப்போது ஜனங்கள், பிள்ளை பிடிக்கிறவன் ஒருத்தன், அடிவாங்கிய அப்பாவி ஒருத்தன் என்று இரண்டு ஆள் இருப்பதாக நினைக்கிறார்கள். அப்பாவிக்காக வருத்தப்படுகிறார்கள். என்னைப் பார்த்தால் ஒதுங்குகிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஹஃப்ஸாவிடம், உன் அப்பா (இங்கே தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவோம், உனக்குத் தெரியும்) உன்னையே விற்கப் பார்த்தாராமே என்று கேட்டிருக்கிறார்கள். அவள் வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் என் மகள், இனிமேல் நானே போய் அழைத்து வருகிறேன் வாப்பா, உங்களுக்குக் கை சரியில்லை என்றாள். கைக்கும் பிள்ளையை நடத்திக் கூட்டிவருவதற்கும் என்ன சம்பந்தம்? நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

யார்மேல் கேஸ் கொடுக்கிறீர்கள் என்று உங்கள் ஏட்டையா வந்து கேட்டார். எல்லாரும் என் வாடிக்கைக்காரர்கள், யார் பேரைச் சொல்ல என்றேன். எனக்குக் கேஸ் வேண்டாம். அந்த வரி வேண்டும். இப்போதாவது போடுவார்களா?

கலந்தர்


காவலர் குடியிருப்பு
6.10.2025

அன்புள்ள மாமாவுக்கு,

அந்த வரியைப் போடமாட்டார்கள் மாமா. இனிமேல் கேட்காதீர்கள். இப்போது போட்டால் தாக்குதலுக்கே நாங்கள்தான் காரணம் என்று ஆகிவிடும் என்கிறார்கள். அது உண்மைதானே என்று நான் சொன்னேன். அதன்பிறகு இரண்டு நாள் எனக்கு எந்த வேலையும் தரவில்லை.

ஒரு சாயங்காலம் எல்லாரும் போனபிறகு பக்கத்தைத் திறந்து நீங்கள் கேட்ட வரியை நானே அடித்தேன். அழுத்த வேண்டியதுதான் பாக்கி. என் தெருவிலிருந்து காக்கிச் சட்டை போட்ட முதல் பெண் நான். நான் செலக்‌ஷன் ஆனபோது நீங்கள் வீடு வீடாக மிட்டாய் கொடுத்தீர்கள். அம்மா இன்னும் யார் வீட்டுக்குப் போனாலும் அந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். விரல் வரவில்லை மாமா. எழுத்து எழுத்தாக அழித்துவிட்டு வந்தேன். உங்களுக்காக இந்த வேலையை விடுகிற தைரியம் எனக்கு இல்லை. எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

வேறொரு ஏற்பாடு சொல்கிறார்கள். உங்களை அலுவலகத்துக்கு அழைத்து, பொன்னாடை போர்த்தி, புது வண்டிப்பெட்டி ஒன்று கொடுத்து வீடியோ போடுவார்களாம். முகம் காட்டுவார்கள். பெயர், ஊர், தொழில் எல்லாம் வரும். நீங்கள், வதந்தியை நம்பாதீர்கள், போலீஸ்தான் என்னைக் காப்பாற்றினார்கள் என்று மட்டும் சொல்ல வேண்டும். பழைய படத்தில் நடித்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் வரக் கூடாது.

நீங்கள் பேச வேண்டியதை என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அந்தப் படத்தை நான் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பந்தோபஸ்து டியூட்டிக்கு மாற்றல் கேட்டிருக்கிறேன்.

ஒப்புக்கொள்ளுங்கள் என்றும் சொல்லமாட்டேன், வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். அதைச் சொல்கிற இடத்தில் நான் இப்போது இல்லை.

பூவிழி


அதிராம்பட்டினம்
30.11.2025

அன்புள்ள பூவிழிப் பாப்பாவுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் போட இத்தனை நாள் ஆகிவிட்டது. கோபமில்லை. நான் ஒப்புக்கொண்டதை எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது.

பாத்திமா வேண்டாம் என்றாள். ஹஃப்ஸாவுக்காகத்தான் போனேன். நீ எழுதிக் கொடுத்ததை அப்படியே சொன்னேன். ஒரே டேக்கில் முடித்துவிட்டேன், புதிதாக வந்த கேமராப் பையன் கைதட்டினான். இன்ஸ்பெக்டர் என்னைக் கட்டிப்பிடித்தபோது கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அது கை வலியில் வந்தது, படத்தில் வேறு மாதிரித் தெரிகிறது. முதல் படத்தில் கெட்டவனாக நடித்தேன், நம்பினார்கள். இதில் மனம் குளிர்ந்தவனாக நடித்தேன், இதையும் நம்பிவிட்டார்கள். உன் மாமா சினிமாவுக்குப் போயிருக்க வேண்டிய ஆள்.

பலன் இல்லை என்று சொல்லமாட்டேன். ஹஃப்ஸாவைப் பள்ளியில் யாரும் கேலி செய்வதில்லை, உன் அப்பாவைப் போலீஸ் கட்டிப்பிடித்ததாமே என்கிறார்களாம். நான் மறுபடியும் வியாபாரத்துக்குப் போகிறேன். மழைக்காலம், கருவாடு நன்றாகப் போகிறது. அந்த மின்கம்பத்து ஊருக்கும் போனேன். அமிர்தம் நாற்காலி கொண்டுவந்து போட்டாள், டீ கொடுத்தாள். பையன்கள் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இப்போது போலீஸ் பாய் என்று பெயர். “தப்பா நெனைக்காதீங்க பாய், வீடியோ அப்புடி இருந்துச்சு” என்று அமிர்தம் சொன்னாள். பரவாயில்லைம்மா என்றேன். வேறென்ன சொல்வது? வந்த வழியில் வாய்க்கால் மதகில் வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

நீ உன்னைப் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். அப்படியெல்லாம் எழுதாதே. வேலையை விடாதே. நீயும் போய்விட்டால் அங்கே எனக்காக அழுகிறவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள்.

இன்னொன்று. பாத்திமாவிடம்கூடச் சொல்லவில்லை, உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

முந்தாநாள் ஒரு வாய்க்கால் கரையில் வந்துகொண்டிருந்தேன். மூன்று வயது இருக்கும், ஒரு பெண் குழந்தை, வாத்தைத் துரத்திக்கொண்டு ஓடிவந்து என் வண்டிக்கு முன்னால் கப்பிக் கல்லில் விழுந்துவிட்டது. முட்டியில் ரத்தம். என்னைப் பார்த்துக் கையை நீட்டி அழுதது. கரையில் வேறு யாரும் இல்லை. நான் வண்டியை நிறுத்தினேன். இறங்கவில்லை பாப்பா. கால் இறங்கவில்லை. ஹாரனை அடித்தேன். குழந்தை இன்னும் பயந்து அழுதது. மறுபடியும் அடித்தேன். வயலில் களை பறித்துக்கொண்டிருந்த அதன் தாய் சேற்றுக் கையோடு ஓடிவந்து தூக்கினாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு சிரித்தாள்.

“நீங்கதானா பாய், தூக்கியிருக்கலாம்ல” என்றாள்.

பெட்டியில் பாரம் இருக்கிறது, வண்டி சாய்ந்துவிடும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

உன் மாமா
கலந்தர்